பக்கம் மாறிய துடுப்பு

திருகோணமலைத் துறைமுகத்தின் வருடாந்தப் படகுப் போட்டியில் நானும் கிண்ணியா நண்பர் காசிமும் பதினான்கு ஆண்டுகள் ஒரே படகில் கலந்துகொண்டோம். வலத் துடுப்பு எனக்கு, இடத் துடுப்பு அவருக்கு. முதல் ஆண்டு அப்படி வென்றதால் நாங்கள் பக்கம் மாறவே இல்லை.

சென்ற மாசியில் ஒருநாள், பயிற்சி முடிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டு என்னால் எழ முடியவில்லை. காசிம்தான் தூக்கி இறக்கினார். இனித் துடுப்பே பிடிக்க முடியாதோ என்று பயந்தேன்.

எக்ஸ்-றே படத்தைப் பார்த்த டொக்டர், "எந்தப் பக்கம் துடுப்பு வலிக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"எப்பவும் வலப்பக்கம்."

"ஓம், அதுதான். ஒரே பக்கமாத் திரும்பித் திரும்பி முள்ளந்தண்டு தேய்ஞ்சிருக்கு. ஏழு கிழமை ஓய்வெடுங்கோ. பிறகு மற்றப் பக்கமும் பழகுங்கோ. படகை விடத் தேவையில்லை."

எட்டாம் வாரம், காலை ஆறேகாலுக்குப் பக்கம் மாறி அமர்ந்து, என் வீட்டுக் கரையிலிருந்து கிண்ணியாவை நோக்கி வலித்தோம். படகு ஒரு வட்டம் அடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"மச்சான், கிண்ணியா அங்கால. நீ ஏன் திரும்பவும் வீட்ட போறாய்?" என்றார் காசிம்.

"நீ மட்டும் நேராவோ போறாய்?" என்றேன். சிரித்த சிரிப்பில் இருவரும் துடுப்பை விட்டுவிட்டோம்.

அந்த முறை போட்டியில் கடைசியாக வந்தோம். முதுகு துளியும் நோகவில்லை. இப்போது கிழமைக்கொருமுறை பக்கம் மாறுகிறோம். எந்தப் பக்கம் என்று நாட்குறிப்பில் எழுதாமல் வந்தால், காசிம் என்னைப் படகில் ஏற்றுவதில்லை.