சரோஜா அக்காவும் செவ்வாய்க்கிழமை நின்ற கடிகாரமும்

சரோஜா அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். மகன் போனில் சொன்னான்: "அம்மா, பெரியத்தை காபி குடிச்சுட்டு நாற்காலில சாஞ்சாங்க. அப்படியே போயிட்டாங்க." சாவில்கூட யாருக்கும் வேலை வைக்காத மனுஷி. வரிசையை விட்டு விலகி நின்று அழுதேன். பின்னால் நின்ற அம்மாள் "சொந்தமா?" என்று கேட்டார். "நாத்தனார்" என்றேன். நாத்தனாருக்கா இந்த அழுகை என்பது போலப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்!

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். டிரங்க் கால் கிடைக்கவில்லை என்று கத்துகிறவரிடம், "கத்தினா லைன் சீக்கிரம் வந்துடுமாங்க? இருங்க, எங்க நிக்குதுன்னு பாக்கறேன்" என்பார். வீட்டிலும் அதே குரல்தான், அதே நிதானம்தான். அந்த நிதானத்தால் பிழைத்தவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் போளூரிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். கூடத்துச் சுவரை ஒட்டி ஆளுயரக் கடிகாரம் ஒன்று நின்றது. காலமான மாமனார் ஏதோ பங்களா ஏலத்தில் எடுத்தது. கண்ணாடிக் கதவுக்குள் பெண்டுலம் ஆடும். பக்கத்தில் கயிற்றில் தொங்கும் பித்தளைக் குண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்தக் குண்டின் பாரத்தில்தான் கடிகாரம் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் அத்தை, என் மாமியார், விளக்கேற்றிவிட்டு, சாவி கொடுத்துக் குண்டை மேலே ஏற்றுவார். அடுத்த வெள்ளி வரை கவலையில்லை. நான் வந்த வாரம் செவ்வாய்க்கிழமையே குண்டு அடியைத் தட்டி, கடிகாரம் நின்றுபோனது. அடுத்த வாரமும் செவ்வாய். அதற்கடுத்த வாரமும் அதே செவ்வாய்.

அத்தை முதலில் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் திறந்தார். "இத்தினி வருஷம் ஓடின கடிகாரம், மருமக வந்ததும் செவ்வாக்கெழமையா பாத்து நிக்குதே!" ரிப்பேர்க்காரரை வரவழைத்தார்கள். அவர் மேலே இருந்த இயந்திரத்தை மட்டும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு, "மிஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா, மணி கரெக்டா காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மகராசன்! மிஷினில் கோளாறு இல்லையென்றால் வேறு யாரிடம் இருக்கும்? அத்தை ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு மண்டலம் அம்மா வூட்ல இருந்துட்டு வரட்டும்" என்றார். அப்படிப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "திங்கக்கெழம நான் யாருக்கும் தெரியாம சாவி குடுத்துடறேன். ஓடிட்டுப் போவுது." சமர்த்து! அதைக் காதில் வாங்கிய அக்கா சும்மா விடவில்லை.

"டேய் சேகர், திருட்டுத்தனமா சாவி குடுத்தா இவ மேல விழுந்த பேரு போயிடுமா? இன்னிக்கு கடிகாரம். நாளைக்கு மாடு கறக்கலன்னா மாட்டுக்கும் சாவி குடுப்பியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தும், புகார் எழுதிக்கொள்கிறவர் மாதிரி, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். கல்யாணத்திலிருந்து என்றார் அத்தை.

"கல்யாணத்துக்கு வூட்ல என்ன பண்ணோம்?"

"வெள்ளை அடிச்சோம்."

"அப்ப கடிகாரத்த யாரு கழட்டினது?"

என் வீட்டுக்காரர் நான்தான் என்றார். திரும்ப மாட்டியதும் அவரேதான். அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார். குண்டு நேராகக் கயிற்றின் நுனியில் தொங்கியது. மேலே பலகையில் ஒரு கொக்கி, தேய்ந்து பளபளத்தபடி, சும்மா இருந்தது.

"சும்மா இருக்கற கொக்கி இப்படித் தேயுமா? குண்டு தலையில ஒரு கப்பி இருக்குமே. சின்ன வயசுல நான் பாத்திருக்கேன். எங்கடா அது?"

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. கல்யாணப் பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி இறக்க ஒரு கப்பி வேண்டியிருந்திருக்கிறது. கழற்றி வைத்த கடிகாரத்தில் ஒன்று வாகாக அகப்பட்டது. பந்தலைப் பிரித்தவர்கள் கப்பியை விட்டுவிட்டார்கள். அது இத்தனை நாளும் கொல்லைப்புற வேப்பங்கிளையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கயிற்றைக் கப்பியின் அடியில் நுழைத்து, நுனியை மேலே அந்தக் கொக்கியில் மாட்டினார். கப்பியில் குண்டைத் தொங்கவிட்டார். "மேல ரெண்டு மொழம் கயிறு அவுந்தா, குண்டு ஒரு மொழந்தான் எறங்கணும். கப்பி இல்லாம ரெண்டு மொழமும் எறங்கிடுச்சு. அதான் பாதி வாரத்துல அடி தட்டிச்சு. இவ என்னம்மா பண்ணுவா?" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

செவ்வாய் தாண்டியது. வெள்ளிக்கிழமை காலையிலும் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. அத்தை சாவி கொடுத்து முடித்து, "சாப்ட்டியாம்மா?" என்று என்னைக் கேட்டார். அதோடு மண்டலப் பேச்சு நின்றது. அக்கா அதோடு நிற்கவில்லை. "பக்கத்து வூட்டுக்குப் போய், கப்பியைக் கழட்டினது நான்தான்னு உன் வாயால சொல்லிட்டு வா" என்று தம்பியைத் துரத்தினார். அவரும் போய்ச் சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

சில வருஷம் கழித்து நாங்கள் இருவரும் கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். அன்று எனக்காக ஏன் அவ்வளவு மெனக்கெட்டீர்கள் என்று கேட்டேன். அக்கா ஏன் பிறந்த வீட்டிலேயே இருந்தார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அதுவரை தெரியாது.

"செங்கம் பக்கம் வாக்கப்பட்டுப் போனேன். நான் போன அந்த வருஷமே அவங்க கெணறு வத்திடுச்சு. நான் வந்த நேரம்னு கொண்டாந்து வுட்டுட்டாங்க. பக்கத்து நெலத்துக்காரன் ஆழமா வெட்டி மோட்டார் எறக்கியிருந்தான்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அப்ப ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அவருக்காக எழுந்து போய்ப் பார்க்க அன்று ஓர் ஆள் இல்லையே என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும்தான். வீட்டுக்கு வந்த பெண்ணைக் காட்டி, "இவ வந்த நேரம்" என்று எவராவது ஆரம்பித்தால் நான் வாதாடுவதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ன கெட்டுப்போச்சு? காட்டுங்க" என்று எழுந்துவிடுகிறேன்.