வெளுத்துப்போன என் முதல் மை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மயிலாப்பூரில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தபோது நடந்தது இது. பார்த்துவந்த வேலை போய் மூன்று மாதமாகியிருந்தது. இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை, சொந்தமாக எழுதும் மை தயாரித்து விற்பது என்று முடிவு செய்தேன்.

திட்டமெல்லாம் பக்காவாகத்தான் போட்டேன். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சும் முறையை விஷயம் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். காயலான் கடையில் பழைய புட்டிகள் வாங்கி வெந்நீரில் கழுவினோம். லேபிள் அச்சடித்தேன். தியாகராய நகரில் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த தெருக்களைச் சைக்கிளில் சுற்றி, எந்தக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார் என்று விசாரித்து வைத்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் விற்பனை தொடங்க வேண்டும்.

கடுக்காய் பத்து நாள் ஊற வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. மணிக்கொருதரம் பானையைத் திறந்து பார்ப்பேன். இரண்டாம் நாளே வடிகட்டிவிட்டேன். நிறம் ஏறவில்லை, நீலச் சாயத்தை அள்ளிக் கொட்டினேன். பார்க்க அத்தனை அழகு!

புட்டிகள் மளமளவென்று விற்றன. இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏன்னா, இங்கே வந்து பாருங்கோ. அமாவாசையைக் காணோமே!"

அந்த மாதத்து விசேஷ நாட்களை என் மையால் எழுதி ஜன்னல் கதவில் ஒட்டியிருந்தாள். வெயில் பட்ட பாதித் தாள் வெள்ளையாக இருந்தது.

பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு போனால் போகட்டும். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் பாய் ஒருவருக்கும் முந்தின நாள்தான் இரண்டு புட்டி கொடுத்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

"வாங்க அய்யரே, உங்க மை ஜோரா ஓடுது" என்று சிரித்தார் பாய். அவர் எதிரில் மீன் விற்கும் பெண் ஒருத்தி, என் மையால் எழுதிய முதல் பத்திரத்தோடு, பதிவுக்காக நின்றாள். அவளுக்கு மனையை விற்றவர் பக்கத்தில் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவருக்கு ரங்கூன் கப்பல்.

பேசாமல் திரும்பினால் யாருக்கும் தெரியாது. பத்திரம் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் எழுத்து வருஷக்கணக்கில் தாங்கினாலும் தாங்கும். சொன்னாலோ, என் வியாபாரம் அன்றோடு சரி. சைக்கிளைத் திருப்பியும் விட்டேன். அப்போது அந்தப் பெண் பத்திரத்தை மறுபடி பிரித்தாள். தொடுமுன் இரண்டு கையையும் முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் நகர முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"இன்னா சாமி சொல்ற? எய்த்து வெள்ளையாப் பூட்டா, என் மனைக்கு இன்னா சாட்சி கீது?" என்று அவள் கத்தியதில் கூட்டம் கூடிவிட்டது. பாய் முகம் கறுத்துப்போயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போய் புது முத்திரைத்தாள் வாங்கிட்டு வாங்க" என்றார்.

ஓடிப்போய் வாங்கி வந்தேன். ஆபீஸில் பத்திரம் வாங்குவதை நிறுத்த ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் பழைய பத்திரத்தை வரிவரியாகப் படிக்க, பாய் தன் பழைய மையைத் தொட்டு எழுதினார். கிழக்கே இத்தனை அடி, மேற்கே இத்தனை அடி என்று ஒவ்வோர் அளவையும் இரண்டு தடவை படித்தேன். விற்றவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கையெழுத்துப் போட்டார். கடைசி ஆளாக உள்ளே போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள்.

வெளியே வந்த அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தானா வந்து சொன்னே, பொயச்சேன். அந்த மைய மட்டும் யாருக்கும் குடுக்காதே" என்றாள்.

மிச்சமிருந்த மையைச் சாக்கடையில் கொட்டினேன். கடை கடையாகப் போய் விற்காத புட்டிகளைத் திருப்பி வாங்கினேன். சிலர் சிரித்தார்கள், இருவர் இனி வராதே என்றார்கள். அடுத்த மையைப் பத்து நாள் ஊறவைத்து, ஒரு மாதம் வெயிலில் காயவைத்துப் பார்த்த பிறகே வெளியே எடுத்தேன். பாய் மட்டும் கடைசிவரை என் மையைத் தொடவில்லை. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் "அந்த ஆளை நம்பலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

என் தப்பை நானே போய்ச் சொல்ல வேண்டி வரும்போது கால் பின்வாங்குவது இன்றும் நிற்கவில்லை. என்றாலும் அந்த நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.