ஐந்தாவது கம்ப்யூட்டர்

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். நெல்வின் இன்றைக்கும் வேலூரில்தான் இருக்கிறான். கேட்டால், கையை மட்டும் நீட்டிக் காட்டுவான். ரோமம் குத்திட்டு நிற்கும்.

2004. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. சென்னைத் தலைமை அலுவலகத்தின் கணக்குகளுக்குள் போக அவர்களுக்கு வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைப்பு கிடைத்திருந்தது. வெளியாள் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அதை ஆபீசிலிருந்த மற்ற மூன்றுக்கும் பகிர்ந்து தரவேண்டும். சாயங்காலத்துக்குள் ஏற்றுமதிப் பேப்பர்கள் போகாவிட்டால் கன்டெய்னர் நின்றுவிடும். வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் நெல்வினை அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எல்லோரும் போய்விட்டார்கள். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. மாடி ஆபீசில் நெல்வின் மட்டும். கீழே, ஆபீசைக் கூட்டிப் பெருக்கி, சாவிகளையும் பார்த்துக்கொள்ளும் சுந்தரி.

வேலை சுலபமாகவே முடிந்தது. முதல் கம்ப்யூட்டரில் ஓடிய இணைப்பை மற்ற மூன்றும் பிடித்துக்கொண்டன. சரிபார்க்க, இணைந்திருப்பவற்றின் பெயர்களைத் திரையில் வரவழைத்தான்.

நான்கு இருக்கவேண்டும். ஐந்து இருந்தன.

ஐந்தாவதின் பெயர், ஷபீ.

வயர்களை எண்ணினான். நான்குதான். பக்கத்து அறையை எட்டிப் பார்த்தான். வெறும் அட்டைப்பெட்டிகள்.

திரும்பியபோது திரையின் நடுவே சின்னதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி அனுப்பினால் அப்படித்தான் வரும். ஆங்கில எழுத்தில் தமிழ்.

'கதவைத் திற.'

யாரோ விளையாடுகிறார்கள்... ஓகேவை அழுத்தினான்.

'மூச்சு முட்டுது.'

மூன்று கம்ப்யூட்டர்களின் வயர்களையும் பிடுங்கினான். மூன்று பெயர்கள் மறைந்தன. ஷபீ மறையவில்லை.

முதல் கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கினான். போன் லைனையும் கழற்றினான். இப்போது அது எதோடும் சேர்ந்திருக்கவில்லை. தனி மரம்.

'சீக்கிரம்.'



அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

கீழிருந்து.

படிகளில் தடதடவென்று இறங்கினான்.

"அக்கா! யாரு கதவத் தட்றது?"

"இன்னா சார்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"இங்க ஷபீன்னு யாராவது இருக்காங்களா?"

சுந்தரியின் முகம் வெளுத்தது.

"அந்தப் பேர உங்களுக்கு யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டர்ல வருது. கதவத் திறன்னு..."

அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கெமிக்கல் குடோன். வெளியே பூட்டு.

கதவு திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. தூரத்து மூலையில், டிரம்களுக்கு நடுவே, ஒருவன் குப்புறக் கிடந்தான். ஒடுகத்தூரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த கன்னியப்பன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூச்சு இருந்தது.

இருவரும் சேர்ந்து இழுத்து வெளியே போட்டார்கள். ஆட்டோ பிடித்தார்கள். வழியில்தான் சுந்தரி வாயைத் திறந்தாள்.

"ஷபீ அஹமது பாய்னு ஸ்டோர் கிளார்க்கு இருந்தாரு சார். ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி அவர உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. திறந்து பாத்தப்போ உசுரு இல்ல."

"அவரு கம்ப்யூட்டர்?"

"அப்பவே காயலாங்கடைக்குப் போட்டுட்டாங்க."

நெல்வின் ஆட்டோவின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் கன்னியப்பன் கண் விழித்தான். நெல்வினும் சுந்தரியும் கட்டிலருகே நின்றார்கள்.

"நல்லவேளை, கதவத் தட்டினீங்க" என்றான் நெல்வின்.

"நானா? என்னால எழுந்திருக்கவே முடியல சார். கதவாண்ட ஒரு பாய் நின்னுகினு தட்டினே இருந்தாரே... அவருதான்."

பக்கத்துக் கட்டில்களைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க சார் அவரு? அவரையும் வெளிய கூட்டியாந்தீங்க இல்ல?"

நெல்வின் சுந்தரியைப் பார்த்தான். அவள் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது.

கன்னியப்பனை வெளியே போட்டதும், குடோனை மறுபடி பூட்டிவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள்.