விளக்குக் குழாய்க்கு முப்பது ரூபாய்

என் அப்பா சந்தனசாமி கிணறு வெட்டுகிறவர். ஆவூரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் அவர் கடப்பாரை படாத தோட்டம் குறைவு. அவருடைய உடம்பைக் கெடுத்ததும் அந்தத் தொழில்தான். ஆனால் யாரும் நினைக்கிற விதத்தில் அல்ல.

கிணற்றுக்குள் இறங்கியவன் உள்ளே சிறுநீர் கழிக்கக் கூடாது என்பது அவர்கள் கூட்டத்து வழக்கம். நாளைக்கு ஊரார் குடிக்கப்போகும் தண்ணீர் அது. அவசரம் என்றால் வடத்தைப் பிடித்து மேலே வர வேண்டும். அப்பாவை இழுக்க நான்கு பேர் மண் கூடையை விட்டுவிட்டு வருவார்கள். "மகாராசா பவனி வாராரு, பிடிங்கடா" என்று கேலியும் செய்வார்கள். அப்பாவுக்குக் கேலி ஆகாது. அதனால் வேலை நாளில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். காலையில் ஒரு சட்டி கஞ்சி, பிறகு பொழுது சாய்ந்தபின் தண்ணீர். அறுபது அடி ஆழத்தில், ஊற்று காலை நனைக்கும்போதும் குடிக்காமல் நின்றவர். இப்படி இருபத்தைந்து வருஷம்.

அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன்.

1963 மார்ச்சில் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போக ஆரம்பித்தது. அம்மா ஆள் வைத்துக் கடிதம் எழுதினாள். நான் திருச்சியில் இருந்தேன். என்ன வேலையில் இருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் வேலையில் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்பு ஓர் இன்டர்வியூ நன்றாக நடந்தது. கிடைத்துவிடும் என்று நம்பி, 'ரெவின்யூ ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது' என்று வீட்டுக்கு எழுதிவிட்டேன். கிடைக்கவில்லை. அடுத்த கடிதத்தில் திருத்தியிருக்கலாம். பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுத்து மாதம் பத்து ரூபாய் மணியார்டர் அனுப்பினேனே தவிர, திருத்தவில்லை. அப்பா வருத்தப்படுவார் என்பதாலா, நான் சிறுத்துப்போவேன் என்பதாலா? இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

புதுக்கோட்டை டவுனில் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. வியாழக்கிழமை மட்டும் வெளியூரிலிருந்து ஒரு சர்ஜன் வருவார். சிறுநீர்ப் பாதை வழியாக விளக்கு வைத்த மெல்லிய குழாயை விட்டு, மூத்திரப்பைக்குள் பார்க்கும் கருவி அவரிடம் இருந்தது. ஏழைகளுக்கு அது இலவசம். வீட்டில் சம்பளக்காரர் இருந்தால் முப்பது ரூபாய்.

அப்பாவை அழைத்துப் போனபோது அவருக்கு முந்தின இரவிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியிருந்தது. அடிவயிற்றைப் பிடித்தபடி வரிசையில் நின்றார். எங்கள் இருவரிடமும் சேர்த்துப் பதினைந்து ரூபாய் இருந்தது. எங்களுக்கு இலவசம்தானே என்று நான் தைரியமாக இருந்தேன்.

சீட்டு எழுதும் குமாஸ்தா பெரியகருப்பன் நிமிராமல் கேட்டார்.

"வீட்ல சம்பளக்காரங்க யாரும் உண்டா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"என்னங்க அப்படிக் கேட்டுட்டீங்க? இந்தா நிக்கிறான்ல எம்மவன். பி.ஏ.! ரெவின்யூவுல உத்தியோகம். மாசம் நூத்திப்பத்து ரூவா."

நான் எந்தக் கடிதத்திலும் சம்பளத்தை எழுதியதில்லை. நூற்றுப்பத்து அவராகவே சேர்த்துக்கொண்டது.

பின்னால் நின்ற ஓர் அம்மாள் முணுமுணுத்தாள். "நூத்திப்பத்து வாங்குறவுக இங்கிட்டு எதுக்கு வாராக?"

அப்பா திரும்பினார். "ஏம்மா, உத்தியோகஸ்தன் அப்பனுக்கு மூத்திரம் அடைக்காதா?"

வரிசையே சிரித்தது. வலியோடு அப்பாவும் சிரித்தார்.

"சந்தோசம் பெரியவரே. முப்பது ரூவா கட்டிருங்க," என்றார் பெரியகருப்பன். "டாக்டர் பன்னண்டு மணிக்குக் கெளம்பிருவாரு. விட்டா அடுத்த வியாழன்தான்."

"கட்டுறா தம்பி," என்றார் அப்பா, பெருமையாக.

மணி பதினொன்று. அந்த ஊரில் கடன் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. அடுத்த வியாழன் வரை அவர் தாங்குவாரா? அவர் நெற்றியில் வியர்வை உருண்டது.

"எனக்கு வேலை இல்லைங்க," என்றேன்.

குமாஸ்தா இப்போதுதான் நிமிர்ந்தார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவன் சொல்றத எழுதாதீங்க சார். காச மிச்சம் பண்ணப் பொய் சொல்றான். ஏண்டா, கவர்மெண்டு சோத்தத் தின்னுக்கிட்டு தர்ம ஆஸ்பத்திரியில பொய் சொல்லலாமா? ஒன்னைய இதுக்கா படிக்க வச்சேன்?"

"இல்லப்பா, நெசமாத்தான்."

"வாய மூடுறா. எனக்கு அவமானமா இருக்கு."

ஏழு மாதம் நான் எழுதிய பொய்யை நம்பியவர், நான் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. வேறு வழியில்லாமல், சட்டைப்பையில் இருந்த வேலைவாய்ப்பு ஆபீஸ் அட்டையை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினேன். பெரியகருப்பன் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். போன மாதம் புதுப்பித்த முத்திரை அதில் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவரே, தம்பி பொய் சொல்லல. வேல தேடுறவங்களுக்குக் குடுக்கிற அட்டை இது."

அப்பா அட்டையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதைப் படிக்க அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை. பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார். குமாஸ்தா முப்பதை அடித்துவிட்டு 'இலவசம்' என்று எழுதினார். நர்ஸ் கூப்பிட்டாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அரைமணி நேரம் கழித்து சர்ஜன் வெளியே வந்து, புளியங்கொட்டை அளவுக்குக் கல் இருக்கிறது, அடுத்த வாரம் எடுத்துவிடலாம், அதுவரை அடைக்காமல் இருக்க ரப்பர் குழாய் வைத்திருக்கிறேன், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டில் அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். இன்னொன்று கொடுத்தேன். பட்டப்பகலில் அவர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. காலித் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"மாசாமாசம் பத்து ரூவா வந்துச்சே," என்றார் கடைசியில். "அது ஏது?"

"ட்யூஷன் சொல்லிக் குடுத்தேன்."

"அதுல எங்களுக்கு அனுப்புனது போக, நீ என்னத்தச் சாப்பிட்ட?"

'நல்லாத்தான் சாப்பிட்டேன்' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

"மத்தியானம் மட்டும்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சட்டைக் காலருக்கு மேலே தெரிந்த என் கழுத்தெலும்பைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இத ஒங்காத்தாகிட்டச் சொல்லிறாதே."

"சொல்லித்தான் ஆகணும்ப்பா. வேலை இல்லைங்கிறத இனியும் மறைக்கக் கூடாது."

"வேல கெடக்கட்டும்டா, அத நானே சொல்லிக்கிறேன்," என்றார். "ஒரு வேள சாப்பிட்டேன்னு சொல்லிறாதே. அவ தாங்க மாட்டா."