விழுங்கும் முன்னே போட்ட கையெழுத்து

மூன்று வருஷம் முன்பு, நல்ல மழைக்காலம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸாக இருந்தேன். என் வேகத்தைப் பற்றி எனக்கே ஏகப்பட்ட பெருமை. மற்றவர்கள் பாதி வார்டுக்கு மாத்திரை கொடுப்பதற்குள் நான் முழு வார்டையும் முடித்துவிட்டு சாயாவோடு உட்கார்ந்துவிடுவேன்.

அப்போதுதான் ஒரு அக்கா பிரஷர் எகிறிப்போய் அட்மிட் ஆனார். ஐம்பது வயதிருக்கும், தேனிப் பக்கம். இங்கே ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை. கணவர் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். நானும் வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

நோயாளி மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சார்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும்போதே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆனால் காலையில் நான் போனால் அக்கா, "வச்சுட்டுப் போ தாயி, வயித்துக்கு எதாச்சும் போட்டுட்டு முழுங்கிக்கிறேன்" என்பார். நம்ம அக்காதானே என்று மேஜைமேல் வைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன்.

மூன்று நாளாகியும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். தினமும் மாத்திரை கொடுத்ததாக என் கையெழுத்து இருந்தது. மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றையும் எழுதினார். அதையும் அப்படியே மேஜைமேல் வைத்தேன்.

மறுநாள் காலை அக்காவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

தகவல் தெரிந்து கணவர் ஓடி வந்தார். கட்டிலோரம் அழுதுகொண்டு நின்றவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கும் சேத்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டீங்களே சிஸ்டர், நாலு நாளா எனக்குத் தலைசுத்தலே இல்ல. இவளுக்கு மட்டும் ஏன் கேக்காமப் போச்சு?"

நான் எங்கே கொடுத்தேன்? ஒருநாள் லீவு போட்டாலும் வேலை போய்விடும் என்று டாக்டரிடமே போகாத மனுஷனுக்கு, அக்கா தன் மாத்திரையை எடுத்து வைத்து, வேலை முடிந்து ராத்திரி பார்க்க வரும்போதெல்லாம் சிஸ்டர் தந்தது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார்.

டாக்டரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கணவரையும் பரிசோதித்துத் தனியாக மருந்து எழுதிக் கொடுத்தார். எனக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அக்காவை ஊருக்குக் கூட்டிப் போகும் நாளிலும் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை கட்டிலை விட்டு அசைய மாட்டேன். "எந்தா சிஸ்டரே, ஞங்களெ விஸ்வாசமில்லே?" என்று, எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என வார்டில் மலையாளச் சேச்சிமார் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்த அக்கா பொய் சொன்னது புருஷன் பிழைக்க வேண்டும் என்பதற்காக. நான் நாலு நாள் சார்ட்டில் எழுதிய பொய், சாயாவோடு கொஞ்சம் சீக்கிரம் உட்கார வேண்டும் என்பதற்காக.