வரைபடத்தில் மட்டும் இருந்த படிக்கட்டு

ஃபஸீலாவின் விசிட்டிங் கார்டில் ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ என்று போட்டிருக்கும். எடுத்த வேலை நேரத்துக்கு முடிந்தால் அது டிசைனரின் கைவண்ணம். தாமதமானால் அனுமதி வாங்கத் தெரியாத ஃபஸீலாவின் குற்றம். பதினாறு வருடமாக இந்த ஏற்பாடு எந்தக் குறையும் இல்லாமல் நடந்துவருகிறது.

தஞ்சோங் பகாரில் அவள் வேலை பார்க்கும் கட்டடச் சீரமைப்புக் கம்பெனிக்கு ஜெயரத்தினம் போன வருடம் வாடிக்கையாளராக வந்தார். தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டை எடுத்து உணவகம் ஆக்குகிறார். மாடியில் அறுபது பேர் உட்காரலாம். அதிகாரிகள் ஒப்புக்கொண்ட வரைபடத்தில் முன்னால் ஒரு படிக்கட்டு. தீப்பிடித்தால் இறங்கி ஓடப் பின்னால் ஒன்று.

திறப்புவிழாவுக்குப் பத்து நாள் முன்பு ஃபஸீலா சோதனைக்குப் போனாள். மாடியின் பின்பக்கக் கதவுக்கு மேல் ‘வெளியேறும் வழி’ என்று பச்சை விளக்கு அழகாக எரிந்தது. கதவைத் திறந்தாள். எதிரே சுவர். படிக்கட்டு வர வேண்டிய இடத்தை மேலே சுவர் வைத்து அடைத்துக் கீழே குளிர் அறை கட்டியிருந்தார்கள்.

“படி எங்க சார்?”

“மீன் வைக்க இடம் பத்தல. அந்தப் படியில யாரு நடக்கப்போறா?” என்றார் ஜெயரத்தினம்.

“தீப்பிடிச்சா நடப்பாங்க.”

“திறக்கிறதுக்கு முன்னாடியே இப்படிப் பேசாதீங்க லா.”

நாள் பார்த்து, முந்நூறு அழைப்பிதழ் அச்சடித்தவர் முன்னால் நெருப்பைப் பற்றிப் பேசியது அவள் தப்புத்தான்.

அவளுடைய முதலாளி ரவூப் பாய் அவரைவிடப் பக்குவமானவர். ‘எல்லாம் வரைபடத்தின்படியே கட்டப்பட்டுள்ளது’ என்ற உறுதிமொழித் தாளை அவள் மேசையில் வைத்தார். “நீ சைன் பண்ணு. திறந்தப்புறம் படியைப் பார்த்துக்கலாம்.”

“நீங்களே போடுங்களேன், பாய்.”

“அது உன் ஸ்கோப்ல வர்ற வேலை, ஃபஸீலா.”

போட்டுவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். நாற்பத்து நாலு வயதில் இன்னொரு வேலை தேடி அலைய யாருக்கு ஆசை? மறுநாள் காலை தாளோடு கடைவீட்டுக்கே போய், கடைசியாக ஒருமுறை மாடியைப் பார்த்தாள். இறங்கும்போது முன்படியில் இரண்டு பேர் ஒரு பெரிய மேசையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேசை திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. இருபது நிமிடம் அவளால் கீழே வர முடியவில்லை. மாடியில் தனியாக நின்றவள் பின்பக்கக் கதவை மறுபடி திறந்து பார்த்தாள். அதே சுவர்.

மேசை நகர்ந்ததும் கீழே வந்து, தாளில் ‘பின்பக்கப் படிக்கட்டு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுவரின் படங்களோடு முதலாளிக்கும் ஜெயரத்தினத்துக்கும் கட்டட வேலைக்குப் பொறுப்பான பொறியாளருக்கும் அனுப்பினாள். மூன்று மாதமாக ஃபோன் எடுக்காத பொறியாளர் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டு, தனக்கும் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கவலை உண்டு என்றார்.

விஷயம் எழுத்தில் வந்துவிட்டதால் குளிர் அறையை இடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் நல்ல நாளை வீணாக்க முடியுமா? திறப்புவிழா விருந்தை ஆங் மோ கியோவில் ஜெயரத்தினத்தின் மைத்துனர் வசிக்கும் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வைக்க முடிவானது. அதற்கு அனுமதி வாங்க ஜெயரத்தினம் யாரைக் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளும் வாங்கிக் கொடுத்தாள்.

ஏழு வாரம் கழித்து உணவகம் திறந்தது. ஜெயரத்தினம் டிசைனருக்கும் பொறியாளருக்கும் திரைச்சீலை தேர்ந்தெடுத்த அண்ணிக்கும் நன்றி சொன்னார். “பாதுகாப்பு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்” என்றும் சொன்னார். ஃபஸீலாவும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

திங்கட்கிழமை ரவூப் பாய் அவளிடம் புதுக் கோப்பு ஒன்றை நீட்டினார். மூன்று மாடி, அவசரக்கார உரிமையாளர். “இதெல்லாம் உனக்குத்தான் நல்லா வருது” என்றார்.

“வாரா வாரம் நானே சைட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், பாய். நான் ஓகே சொல்லாம யாரும் எதையும் மாத்தக் கூடாது. அதை ஈமெயில்ல போட்டு அனுப்புங்க.”

அவர் பெருமூச்சு விட்டபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஈமெயில் வந்து சேரும்வரை ஃபஸீலா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.