உப்புநீர் ஊசி

நான் ஊசியில் உப்புநீரை ஏற்றும்போதெல்லாம் கிடைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மருந்துக்கு அவர் காட்டிய மரியாதை அது. அதுவோ மருந்தே இல்லை.

உச்சிப்புளிக்கு மேற்கே வயல் வயலாக ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்தவர் அவர். நான் கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டினி கிடக்கும் ஆட்டின் மூளை, உடலை வளர்க்கும் ஹார்மோனான வளர்ச்சிச் சுரப்பை எப்படி நடத்துகிறது என்பது என் ஆய்வு. மூளையின் அடியிலிருந்து 'விடு' என்று ஓர் உத்தரவும் 'நிறுத்து' என்று ஓர் உத்தரவும் மாறி மாறிப் போகும். சுரப்பு விட்டுவிட்டு வரும். அதைப் பிடிக்க இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். அவர் கிடையிலிருந்த குட்டிகளின் கழுத்தில் நான் செருகிய மெல்லிய குழாய் அடைக்காமலிருக்க, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்புநீர் செலுத்துவேன். கெட்ட இரத்தத்தை எடுத்துவிட்டு மருந்து ஏற்றுகிறேன் என்று அவராக நினைத்துக்கொண்டார். முதல் நாள் நான் பாதி ஆங்கிலத்தில் ஏதோ விளக்கியதோடு சரி.

அந்த வருடம் மழை பொய்த்தது. கருவேலங்காயைப் பொறுக்கித் தின்றும் குட்டிகள் எலும்பும் தோலுமாயின. வியாபாரி வண்டியோடு வந்தபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன். மருந்து ஏறும் ஆட்டை, குணமாகும் முன் கறிக்குக் கொடுக்கும் வழக்கம் அவர் வகையறாவில் கிடையாது. "வைத்தியம் நடக்குது. பொறவு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே விற்றிருப்பார். விற்றால் என் ஆய்வு பாதியில் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு அற்பமானவளாக இருந்தேன்.

ஆய்வு முடிவு நன்றாகவே வந்தது. பட்டினியில் 'நிறுத்து' என்ற உத்தரவு தளர்ந்துபோக, இரத்தத்தில் வளர்ச்சிச் சுரப்பு ஏறுகிறது. ஈரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. வளரச் சொல்லி மூளை கத்திக்கொண்டே இருக்க, குட்டி காய்ந்து சாகிறது. அவருடைய குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிடையும் கலைந்தது.

இன்று, அந்தக் குட்டிகளின் இரத்தத்தில் சுரப்பு ஏறியதைக் காட்டும் வரைபடத்தைத்தான் வகுப்பில் நடத்துகிறேன். மாணவர்கள் அக்கறையாக எழுதிக்கொள்கிறார்கள். போன மாதம் இராமேஸ்வரத்தில் தங்கப்போன லாட்ஜ் வாசலில், காவலாளி உடுப்பில் அவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்களும் எம்புட்டு ஊசி போட்டீக, தாயி. நாந்தேன் தீனி போட ஏலாத பாவியாப் போனேன்."

அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறிப் போய்விட்டேன்.